ஓசூருக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகள் செய்யும் தவறுகள்

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஆள் எடுக்கும் நாட்களில் கேள்வி கேட்கும் குழுவில் உட்காருவதும் என் பொறுப்பாக இருந்தது. எதிரே வந்து உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பிள்ளைகள். வெறுங்கையோடு திரும்பியவர்களில் பலருக்கு வேலை நன்றாகவே தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் போனார்கள். சொல்லக் கூடாது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

ஒரு பெண்ணை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். ஊர் பாலக்கோடு பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு தர ஆய்வாளர் வேலைக்கு வந்திருந்தாள். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும், எங்கள் தலைக்கு மேலே சுவரில் கண்ணை நிறுத்தி ஆங்கிலத்தில் ஒப்பிக்கத் தொடங்கினாள். பெயர், ஊர், கல்லூரி. பலம் கடின உழைப்பு. பலவீனம் எல்லோரையும் எளிதில் நம்பிவிடுவது. பொழுதுபோக்கு புத்தகம் படிப்பது. அன்று காலை அவளுக்கு முன்னால் வந்த நான்கு பேரும் வரி மாறாமல் இதையே சொல்லியிருந்தார்கள். "கடைசியாகப் படித்த புத்தகம் எது?" என்று என் பக்கத்தில் இருந்தவர் கேட்டார். பேச்சு நின்றுவிட்டது. கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

பயோடேட்டாவில் அப்பாவின் தொழில் 'விவசாயம்' என்று இருந்தது. "என்னம்மா பயிர்?" என்று தமிழில் கேட்டேன். "மல்பெரி சார், பட்டுப்புழு வளர்க்கிறோம்" என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோவதற்கு முன் கூடுகளை என்ன செய்வீர்கள் என்றேன். அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. இரட்டைக் கூடு தனி, கறை பட்ட கூடு தனி, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் மெல்லிய கூடு தனி. கெட்ட கூடு கொஞ்சம் கலந்துவிட்டாலும் ஏலத்தில் மொத்தக் குவியலுக்கும் விலை இறங்கிவிடும் என்றாள். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்த புழு எவ்வளவு தின்னும், வெயில் ஏறினால் வளர்ப்பு மனையில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவது எதற்கு, மழை நாளில் இலையை ஏன் அப்படியே போடக் கூடாது, மனைக்குள் நுழையும்போது கிருமி நீக்கும் தூளை மிதித்துவிட்டு ஏன் போக வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

தர ஆய்வு என்பது இதுதான். நல்லதையும் கெட்டதையும் கண்ணாலும் கையாலும் பிரித்தெடுப்பது, கெட்டது ஏன் வந்தது என்று காரணம் தேடுவது, அடுத்த முறை வராமல் பார்த்துக்கொள்வது. பத்து வயதிலிருந்து அதைச் செய்துவந்தவள், பொழுதுபோக்கு புத்தகம் என்று சொன்னாள். வேலை அவளுக்குக் கிடைத்தது. நான் கேட்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்காது.

ஆகவே முதல் தவறு, மனப்பாடம். அதிலேயே அடங்கியிருக்கும் பெரிய தவறு, வீட்டை மறைப்பது. போச்சம்பள்ளி மாந்தோப்பும், ராயக்கோட்டைத் தக்காளி ஏலமும், அண்ணனின் மோட்டார் காயில் கட்டும் கடையும் நேர்முகத் தேர்வில் சொல்லத் தகாதவை என்று ஒரு கூச்சம் நம்மிடம் இருக்கிறது. சொல்லத் தக்கவை அவைதான். மாம்பழக் கூழ் ஆலையில் பருவகாலத்தில் இரண்டு மாதம் வேலை பார்த்த பையன் அதைப் பயோடேட்டாவில் எழுதுவதே இல்லை. பெங்களூராப் பழம் வந்து குவியும் அந்த நாட்களில் ஷிப்ட் தவறாமல் நின்றவன் எங்கள் தொழிற்சாலையிலும் நிற்பான் என்பது எங்களுக்குத் தெரியும். அவன் சொன்னால்தானே தெரியும்?

அறிமுகத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். என்ன படித்தீர்கள், அதில் கையால் செய்தது எது, வீட்டிலோ வெளியிலோ பார்த்த வேலை எது, இந்த வேலைக்கு அது எப்படி உதவும். வாக்கியங்களை மனப்பாடம் செய்யாதீர்கள்; இந்த வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள். நண்பரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள். நடுவில் குறுக்கிடச் சொல்லுங்கள். குறுக்கிட்டால் அறுந்துபோகும் பேச்சு இன்னும் மனப்பாடமாகத்தான் இருக்கிறது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறினால், "தமிழில் சொல்லலாமா சார்?" என்று கேளுங்கள். எந்திரத்தோடு பழகும் வேலைகளுக்கு அதனால் மதிப்பெண் குறையாது. வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய வேலையாக இருந்தால் ஆங்கிலம் தேவைதான். அதற்கு முந்தின வாரம் போதாது, ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். இன்னொன்று, நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் ஏராளம். பயோடேட்டாவில் தமிழ், ஆங்கிலம் என்று இரண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். பெங்களூரு 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓர் ஊரில் கன்னடம் தெரிவது பெரிய தகுதி.

தெரியாத கேள்வி வந்தால் பதிலைக் கட்டிச் சொல்வது அடுத்த தவறு. ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்த இருவருக்கு ஒரே நாளில் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்தோம். அதனால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டோம். முதலாமவர் சட்டென்று "0.01" என்றார். அது மைக்ரோமீட்டர் என்ற வேறோர் அளவுக் கருவிக்கு உரியது. ஏன் என்று கேட்டபோது, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சாதித்தார். இரண்டாமவர் சற்று யோசித்து, "எண் நினைவில் இல்லை சார், பார்த்துச் சொல்கிறேன்" என்றார். வெர்னியர் அளவுகோலில் கோடுகளை எண்ணினார், 50 பிரிவுகள். முதன்மை அளவுகோலில் ஒரு பிரிவு 1 மில்லிமீட்டர், அதை 50-ஆல் வகுத்தால் 0.02 என்றார். பிறகு யாரும் சொல்லாமலே தாடைகளைத் துணியால் துடைத்து மூடி, சுழிப் பிழை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அந்தத் துடைப்பைப் பார்த்ததுமே எங்கள் முடிவு தெரிந்துவிட்டது. "தெரியாது, ஆனால் இப்படிக் கண்டுபிடிப்பேன்" என்பது நல்ல பதில். வெறும் "தெரியாது" கூட, பொய்ப் பதிலைவிட மேல்.

"எந்த வேலையாக இருந்தாலும் பரவாயில்லை சார், எவ்வளவு கொடுத்தாலும் சரி." இதைக் கேட்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகும். வீட்டு நிலைமை அப்படிப் பேச வைக்கிறது என்பது எனக்குப் புரியும். ஆனால் கேட்பவருக்கு, இவருக்கு இந்த வேலைமேல் தனி விருப்பம் எதுவும் இல்லை, அடுத்த மாதம் வேறு எங்காவது போய்விடுவார் என்றுதான் படும். விண்ணப்பித்த வேலையின் பெயரைச் சொல்லி அதைத்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று முந்தின நாள் பார்த்துவிட்டுப் போங்கள். ஓசூரில் கைக்கடிகாரமும் செய்கிறார்கள், லாரியும் இருசக்கர வாகனமும் செய்கிறார்கள், அவற்றுக்கான நூற்றுக்கணக்கான சிறு பாகங்களும் செய்கிறார்கள். நீங்கள் போகும் இடத்தில் ஆகும் பொருள் எந்த வண்டியில் எங்கே பொருந்தும் என்று தெரிந்துவைத்திருப்பவரை நாங்கள் நிமிர்ந்து பார்ப்போம்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிப்காட் (அரசின் தொழிற்பேட்டை) என்று மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். ஓசூரிலேயே ஒன்றாம் கட்டம், இரண்டாம் கட்டம் என்று உண்டு; போச்சம்பள்ளியிலும் குருபரப்பள்ளியிலும் வேறு சிப்காட்டுகள் உண்டு. எந்தக் கட்டம், எந்த நுழைவாயில் என்று தொலைபேசியில் உறுதிசெய்யுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான், ஆனால் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு லாரி குறுக்கே நின்றால் காலைப் பொழுதே போய்விடும். அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து வருபவர்கள் முடிந்தால் முந்தின இரவே உறவினர் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

சான்றிதழ்களில் ஒரு விஷயம் மட்டும். ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் பட்டியலில் இன்னொரு பெயர். ஒன்றில் தலைப்பெழுத்து முன்னால், ஒன்றில் தந்தை பெயர் முழுவதுமாகப் பின்னால். தேர்வான பிறகு சேரும் நாளில் இது இழுத்தடிக்கும். இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள். எழுத்தில் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டு என்று யார் கேட்டாலும், எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இல்லாத அனுபவத்தை எழுதுவது இப்போது பலிக்காது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது பதிவாகியிருக்கும். எட்டு மாதத்தை இரண்டு ஆண்டு என்று சொன்ன ஒருவரை, திறமை இருந்தும், நாங்கள் எடுக்க முடியவில்லை. எட்டு மாதம் என்றே சொல்லியிருந்தால் எடுத்திருப்போம்.

சம்பளப் பேச்சில் நம் பிள்ளைகள் ஏமாறுவது கணக்குத் தெரியாததால். நிறுவனம் சொல்லும் மொத்தச் செலவுத் தொகை வேறு, கைக்கு வருவது வேறு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000, மற்ற படிகளோடு மொத்தம் 16,000 என்று வைத்துக்கொள்வோம். வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது 1,440 உங்களிடம் பிடிப்பார்கள். ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கு மொத்தத்தில் 0.75 விழுக்காடு, 120 ரூபாய். கைக்கு 14,440. நிறுவனம் தன் பங்காக வைப்பு நிதிக்கு 1,440, ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 விழுக்காடாக 520 கட்டுகிறது. அதையும் கூட்டி 17,960 என்று உங்களிடம் சொல்வார்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. பிடித்தம் உங்கள் பெயரில்தான் சேர்கிறது, ஈ.எஸ்.ஐ.யால் மருத்துவம் கிடைக்கிறது. ஆனால் 17,960 வரும் என்று வீட்டில் சொல்லி, அதை நம்பிக் கடன் வாங்கிவிட்டு, முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து வேலையை விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உணவகம், பஸ், விடுதி ஆகியவற்றுக்குப் பிடித்தம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

"ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்பதற்கு "ஒன்றும் இல்லை சார்" என்று எழுந்துவிடாதீர்கள். பயிற்சிக் காலம் எத்தனை மாதம், நிறுவனத்தின் நேரடி ஆளாக எடுக்கிறீர்களா ஒப்பந்ததாரர் மூலமாகவா, ஷிப்ட் எப்படி மாறும் என்று கேளுங்கள். பெண் பிள்ளைகள் இரவு ஷிப்டு, விடுதி, பஸ் எந்த இடம் வரை வரும் என்பதை அங்கேயே கேட்பது நல்லது. கூட வந்த மாமாவை உள்ளே அழைத்து அவரைக் கேட்க வைக்காதீர்கள். நீங்களே கேட்டால்தான் நாளை பணிமனையில் ஒரு குறை என்றாலும் வாய் திறந்து சொல்வீர்கள் என்ற நம்பிக்கை வரும்.

தேர்வு முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் தவறுக்கு இடம் இருக்கிறது. பயோடேட்டாவில் இருக்கும் மின்னஞ்சல், பெரும்பாலும் பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கியது. கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரியாது. எழுதியிருக்கும் எண் பழைய சிம்முடையது, அல்லது தெரியாத எண் என்று அழைப்பை எடுப்பதில்லை. அந்தக் காலிப்பரைத் துடைத்த பையனுக்கு நாங்கள் மூன்று நாள் விடாமல் அழைத்தோம். நான்காம் நாள் அவன் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் கிடங்கில் இருப்பது தெரிந்து, அவர் மூலம் செய்தி சொல்லி அனுப்பினோம். மூச்சிரைக்க ஓடி வந்தான். அப்படி ஓர் ஊர்க்காரர் இல்லாத எத்தனையோ பேரின் இடத்தை, பட்டியலில் அடுத்திருந்தவருக்குக் கொடுத்திருக்கிறோம்.