சி.எஸ்.ஐ. வீடும் ஆர்.சி. வீடும் சம்பந்தம் பேசும்போது

திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் கத்தோலிக்கக் (ஆர்.சி.) குடும்பமும், சீர்திருத்தத் திருச்சபைகளுள் ஒன்றான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சி.எஸ்.ஐ. குடும்பமும் சம்பந்தம் பேச அமரும்போது, ‘மாதாவைக் கும்பிடுகிறவர்கள்’, ‘பிரிந்து போனவர்கள்’ என்னும் பேச்சுகளை இரு வீட்டுப் பெரியவர்களும் முதலில் விட்டுவிட வேண்டும். கத்தோலிக்கர் மரியாளிடம் வேண்டுவது பரிந்துரையையே. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது என்பதே அவர்களுடைய திருச்சபையின் போதனையும். அதுபோலவே, சொரூபங்கள் இல்லாத ஆலயத்தைப் பக்தி குறைந்த இடமாகக் கத்தோலிக்கர் எண்ணலாகாது.

அடுத்து, பங்குத்தந்தையை முன்கூட்டியே சந்தியுங்கள். இத்தகைய திருமணத்துக்கு மறைமாவட்ட ஆயரின் அனுமதி தேவை. பிள்ளைகளைத் தம் திருச்சபையில் வளர்க்க இயன்றதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் துணை வாக்களிக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிவிக்கப்பட்டால் போதும், அவர் வாக்களிக்க வேண்டியதில்லை. இதை மறைப்பதிலிருந்தே பின்னாளில் பெரும் மனக்கசப்பு பிறக்கிறது என்பதால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இரு வீட்டாரும் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தண்ணீராலும் திரித்துவத்தின் பெயராலும் பெற்ற சி.எஸ்.ஐ. ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. ஆகவே மருமகளிடம் மறுபடியும் ஞானஸ்நானம் பெறச் சொல்வது தவறு, அவர் மனத்தை அது எவ்வளவு புண்படுத்தும்!

வீட்டு ஜெபத்துக்கு, கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் சேர்ந்து மொழிபெயர்த்து 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தைப் பயன்படுத்தலாம். ‘கர்த்தர்’ என்றே வாசித்துப் பழகிய பாட்டிக்கு அதிலுள்ள ‘ஆண்டவர்’ முதலில் ஒட்டாமல் இருக்கலாம், அவரைத் திருத்தாதீர்கள்.