தண்ணீரில் விழுந்த ஃப்ளை ராடைப் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பது எப்படி

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒட்டனூர் பக்கம் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பரிசலில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மாமாவின் ரீல், அதாவது தூண்டில் நூலை (லைனை) சுற்றிவைக்கும் உருளை, ராடு என்கிற தூண்டில் கோலோடு சேர்ந்து தண்ணீருக்குள் போனது. மாமா ஊட்டியில் எஸ்டேட் வேலையில் இருந்த காலத்தில் அவலாஞ்சி பக்கம் டிரவுட் பிடிக்க வைத்திருந்த பழைய ஹார்டி ரீல் அது. அவர் போன பிறகு அத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். கூடவே அவர் கையால் பூச்சி மாதிரி கட்டிய தூண்டில் முட்கள், அதாவது ஃப்ளைகள், இருந்த அலுமினிய டப்பாவும் தண்ணீருக்குள் போனது. ரீலும் ராடும் மறுநாள் மதியம் கிடைத்துவிட்டன. எப்படி எடுத்தோம் என்று வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாள் முழுக்க நாங்கள் தேடியது தப்பான இடத்தில்.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன, லைன் எப்படி வீசுவது என்பதெல்லாம் இங்கே வராது. ஏற்கனவே ஜிலேபி கெண்டைக்கு ஃப்ளை போட ஆரம்பித்தவர்களுக்கு எழுதுவது இது. இரண்டு விஷயம் மட்டும் முதலிலேயே. நீர்த்தேக்கத்தில் உரிமம் வாங்கிய மீனவர்கள் வலை போடுகிறார்கள், அவர்களிடமும் மீன்வளத்துறையிடமும் கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். ஒகேனக்கல்லுக்கு மேலே காட்டுக்குள் போய் மஹ்சீர் பிடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில், கூடாது. 2014-லேயே அது காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் ஆகிவிட்டது. காவிரியின் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் இருக்கிறது.

விழுந்த நொடியில் செய்ய வேண்டியது

கையை விட்டுத் துழாவாதீர்கள், எழுந்து நிற்காதீர்கள், குதிக்கவே குதிக்காதீர்கள். காவிரியில் முதலை உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, அடியில் கிடக்கும் அறுந்த நைலான் வலை, காலில் சுற்றினால் நீச்சல் தெரிந்தவரும் மேலே வர முடியாது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு முக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று நானும் சொன்னேன். பரிசல்கார அண்ணன் துடுப்பைக் குறுக்கே வைத்து என்னைத் தடுத்துவிட்டார்.

முதல் வேலை அடையாளம் போடுவது, அதுவும் பத்து எண்ணுவதற்குள். இதில்தான் நான் தவறினேன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ராடு விழுந்தபோது "களுக்" என்று ஒரு சத்தம், நாலைந்து நீர்க்குமிழி, அவ்வளவுதான். அண்ணன் கேட்டார், "எந்தப் பக்கம் உட்டீங்க தம்பி?" இடது பக்கம் என்று கையைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "உங்களுக்கு எடதுபக்கம் சரி, பரிசலுக்கு ஏது எடதுபக்கம்?" என்றார். அப்போதுதான் உறைத்தது. படகுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, பரிசல் வட்டம். நான் திகைத்து உட்கார்ந்திருந்த அரை நிமிடத்தில் அது பாதி சுற்று சுற்றியிருந்தது, காற்றில் தள்ளியும் போயிருந்தது. சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய அளவுக்கு எனக்கு இடம் தெரியும் என்று நினைத்தேன். கடைசியில் ராடு கிடைத்த இடம் அங்கிருந்து பதினைந்து மீட்டராவது தள்ளி.

அதனால் பரிசலில் ஏறும்போதே ஒரு மிதவை தயாராக இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மூடியை இறுக்கி, அதன் இடுப்பில் பத்து மீட்டர் நைலான் கயிற்றைச் சுற்றி, கயிற்றின் முனையில் கைக்கு அடக்கமான கல் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கயிற்றின் மறுமுனை பாட்டிலிலேயே முடிச்சாக இருக்கட்டும். பொருள் விழுந்ததும் அப்படியே தூக்கி அந்த இடத்தில் போட்டால் கல் இறங்க இறங்க பாட்டில் உருண்டு கயிற்றை விடும், கல் தரையைத் தொட்டதும் நின்றுவிடும். சும்மா நீளமாகக் கயிறு கட்டிய மிதவை வேண்டாம், ஐந்து மீட்டர் ஆழத்தில் பத்து மீட்டர் கயிறு இருந்தால் பாட்டில் காற்றுக்கு எங்கேயோ போய் நிற்கும்.

அப்புறம் கரையைப் பாருங்கள். ஒரு திசையில் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருட்களைப் பிடியுங்கள், பனைமரத்துக்கு நேர் பின்னால் மின்கம்பம் என்கிற மாதிரி. அதற்குக் கிட்டத்தட்டக் குறுக்கான திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் உங்கள் இடம். மீனவர்கள் வலை போட்ட இடத்தை இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறுநாள் அண்ணன் தன் கோடுகளை வைத்துத்தான் என்னை அங்கே கூட்டிப்போனார். நான் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் பேசாமல் கரையைப் பார்த்து வைத்திருக்கிறார்.

போனில் லொகேஷன் குறித்துக்கொள்வதும் நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். திறந்த வெளியிலேயே அது ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். ஒரு முழம் அகலம்கூட இல்லாத கொக்கியை வைத்துத் தேடுகிறவருக்கு அது பெரிய வித்தியாசம்.

லைன் வெளியே இருந்ததா?

அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. மிதக்கும் லைனாக இருந்து, விழும்போது பத்துப் பதினைந்து மீட்டர் வெளியே இருந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ராடும் ரீலும் அடியில் கிடந்தாலும் லைனின் ஒரு பகுதி மேலே மிதந்துகொண்டிருக்கும். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு நீர்மட்டத்தை ஒட்டிப் பாருங்கள். கிடைத்தால் இரண்டு விரலால் மெதுவாக இழுங்கள், கொக்கியே தேவைப்படாது. இதனால்தான் லைன் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சளில் இருக்க வேண்டும் என்கிறேன். மீன் பார்த்துவிடும் என்று பாசிப் பச்சை வாங்குகிறார்கள், மீனுக்குப் பக்கத்தில் போவது லைன் முனையில் கட்டும் மெல்லிய நூலான லீடர்தான், லைன் இல்லை.

நான் இடம் மாறுவதற்காக லைனை முழுக்கச் சுற்றி வைத்திருந்தேன். அதனால் அடியில்தான் தேட வேண்டியிருந்தது.

எதை வைத்துத் தேடுவது

முதலில் காந்தம் பற்றி. கயிற்றில் கட்டி இறக்குகிற பெரிய காந்தத்தை வாங்கச் சொல்லி நிறைய பேர் சொல்வார்கள். ராடு கார்பன், ரீல் அலுமினியமும் பித்தளையும், காந்தம் இதில் எதையும் பிடிக்காது. காசை மிச்சம் பண்ணுங்கள்.

தேவை பாதாளக் கரண்டி. சின்ன வயதில் கிணற்றடியில் பார்த்திருப்பீர்கள், ஒரு இரும்பு வளையத்தில் சுற்றிலும் கொக்கிகள் தொங்கும், வாளியோ குடமோ கிணற்றில் விழுந்தால் கயிறு கட்டி இறக்குவார்கள். எங்கள் ஊரில் இன்னும் ஒரே ஒரு வீட்டில் இருக்கிறது. அந்தப் பாட்டியிடம் கேட்டதும் "சொம்ப வெச்சிட்டு எடுத்துட்டுப் போ" என்றார். கரண்டியை இரவல் வாங்கினால் பதிலுக்கு ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் போவது பழைய வழக்கம், கரண்டி திரும்பி வரவேண்டுமே. எங்கள் வீட்டுப் பித்தளைச் சொம்பு இரண்டு நாள் அவர் திண்ணையில் இருந்தது. இரவல் கிடைக்காவிட்டால் பழைய இரும்புக் கடையில் தேடுங்கள், இல்லையென்றால் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம்.

அதில் ஒரு மாற்றம் அவசியம். வாளியின் கைப்பிடிக்காகச் செய்த கொக்கிகள் தடிமனானவை, ராடின் மெல்லிய வளையங்களும் லைனும் அவற்றில் மாட்டாமல் நழுவிவிடும். கொக்கிகளுக்கு இடையில் நாலைந்து மூன்றுமுள் தூண்டில்களைக் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். நாங்கள் எடுத்தபோது மாட்டியதும் இந்தச் சின்ன முள்ளில்தான், ரீலுக்கு மேலே இருக்கிற முதல் வளையத்தில்.

இழுக்கும் முறை

மிதவைக்குக் காற்று வரும் பக்கமாகப் போய்ப் பரிசலைக் கல் போட்டு நிறுத்துங்கள். கரண்டியை மிதவையைத் தாண்டி எறியாதீர்கள், பக்கத்தில் மெதுவாக இறக்கி, தரை தட்டியதும் கயிற்றை வெறும் கையால் பிடித்து நத்தை வேகத்தில் இழுங்கள். ஒரு கோடு முடிந்ததும் ஒரு முழம் தள்ளி அடுத்த கோடு. வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி விடுபடாமல் போக வேண்டும், அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று போட்டால் நாள் முழுக்கப் போட்டாலும் வராது.

கயிற்றில் என்ன தெரிகிறது என்று கை பழக வேண்டும். பாறை என்றால் "டக்" என்று நின்றுவிடும். பாசி என்றால் மெத்தென்று இருக்கும், இழுக்க இழுக்கக் கனக்கும். மூழ்கிய மரத்தின் வேர் கொஞ்சம் கொடுத்துவிட்டுத் திரும்ப இழுக்கும். ராடு இவை எதைப்போலவும் இல்லை. எடையே இல்லாத மாதிரி, ஆனால் முனையில் ஏதோ துள்ளுகிற மாதிரி ஒரு சின்ன நடுக்கம் கயிற்றில் வரும். எனக்கு அது வந்தபோது மீன் என்றே நினைத்தேன்.

இந்த இடத்தில் வெடுக்கென்று இழுத்தால் எல்லாம் போச்சு. ஒன்பது அடி ராடு நான்கு துண்டாகச் செருகியது, முனைப்பக்கம் மாட்டியிருந்தால் துண்டு மட்டும் கழன்று வந்துவிடும், ரீல் திரும்ப அடிக்குப் போய்விடும். ஒரே சீராக, நேராக மேலே தூக்குங்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் இன்னொருவர் கைவலையை அடியில் கொடுத்துத் தாங்கட்டும்.

கரண்டியில் யாருடைய வலையாவது மாட்டினால் அறுக்காதீர்கள். கயிற்றைத் தளர்த்தி, வலைக்காரரைக் கூப்பிட்டு, அவர் எடுத்துத்தரும் வரை இருங்கள். நம்முடையது ஆசைக்கு வைத்திருக்கும் பொருள், வலை அவர்களுக்குச் சோறு.

கிடைத்ததும் ரீல் கைப்பிடியைச் சுற்றாதீர்கள்

சந்தோஷத்தில் முதலில் கை அங்கேதான் போகும். உள்ளே வண்டலும் மணலும் இருக்கும், ஒரு சுற்றுச் சுற்றினாலே தேய்ந்த கோடு விழும். நல்ல தண்ணீர் வாளியில் முழுக்கி, லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடையுங்கள். லைனை மொத்தமாகப் பிரித்து சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள், அடியில் இருக்கும் பேக்கிங் நூலும் காய வேண்டும், அதுதான் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். ராடு துண்டுகளைப் பிரித்தே வையுங்கள், வண்டலோடு செருகி விட்டால் இறுகிக்கொள்ளும். கார்க் பிடி வெயிலில் வெடிக்கும், அதுவும் நிழலில்தான். ரீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும், ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இனி விழாமல் இருக்க

விழத்தான் செய்யும். விழுந்தால் தெரிய வேண்டும், அதுதான் ஏற்பாடு. பழைய ஹவாய் செருப்பில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, அதன்மேல் மெல்லிய நூல்கயிறு எட்டு மீட்டர் சுற்றி, முனையை ரீலின் காலில் கட்டியிருக்கிறேன். ராடு மூழ்கினால் செருப்புத்துண்டு மேலே நின்று கயிற்றை விடும். வலைகளுக்குச் செருப்புத்துண்டை மிதவையாகக் கட்டுவதைப் பார்த்து எடுத்த யோசனை. வீசும்போது இடைஞ்சல் என்று தோன்றினால் இடம் மாறும்போது மட்டும் கட்டுங்கள், என் ராடு போனதும் இடம் மாறும்போதுதான்.

பின்சேர்ப்பு: பாட்டில் மிதவை காற்றில் உருண்டு உருண்டு கயிறு முழுவதையும் விட்டுவிட்டது என்று பாரூர் ஏரியில் போட்டுப் பார்த்த ஒருவர் எழுதினார். பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றுங்கள், தாழ்ந்து நிற்கும், காற்றுப் பிடிக்காது. நானும் செய்து பார்த்துவிட்டேன், நிற்கிறது. ஆகாயத்தாமரை இருக்கும் ஏரியில் கரண்டி நிறைய வேர்தான் வருகிறது என்று இன்னொருவர். அங்கே முதலில் மூங்கிலால் தாமரையை ஒதுக்கி வழி செய்துகொண்டு, கரண்டியைப் படுக்கை வாட்டில் இழுக்காமல் செங்குத்தாகத் தூக்கி இறக்கித் தேடுங்கள்.

டப்பா கிடைத்ததா என்று கேட்டவர்களுக்கு

இன்னும் இல்லை. வழவழப்பான டப்பாவில் கொக்கி மாட்ட இடமே கிடையாது, கரண்டி அதற்கு ஆகாது. ஆனால் மேட்டூரில் ஒரு வசதி இருக்கிறது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, அன்றன்றைய மட்டம் பேப்பரில் வந்துவிடும். பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்கும், இறங்கிய இடத்தில் ஜனங்கள் ராகியும் வெள்ளரியும் போடுவார்கள். விழுந்த அன்று மட்டம் எவ்வளவு, அந்த இடத்தில் ஆழம் எவ்வளவு என்று இரண்டையும் குறித்து வைத்தால் கழித்துப் பார்த்துவிடலாம். எனக்கு மட்டம் 96 அடி. கல் கட்டிய கயிற்றில் அளந்த ஆழம் 18 அடி. அப்படியென்றால் 78-க்கு வந்தால் அந்த இடம் கரையாகிவிடும். அங்கே பயிர் வைப்பவரிடம் அண்ணன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், உழுவதற்கு முன் ஒரு நாள் விடுங்கள், கையாலேயே வண்டலைத் துழாவிக்கொள்கிறோம் என்று.

மழை வந்து, வழக்கமாகப் பாசனத்துக்கு அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே மட்டம் ஏறிவிட்டால் அடுத்த வருஷம்தான். பனைமரம், மின்கம்பம், கோயில் கோபுரம், எதிர்க்கரைப் பாறை, நாலும் நோட்டில் இருக்கிறது. இன்று காலைப் பேப்பரில் 84 அடி.