பெல்லட்டைத் தராசில் வைப்பதற்கு முன்

ஏர் ரைபிள் வாங்கிய முதல் வருடம் நான் சுட்டதை விட எடை போட்டதுதான் அதிகம். சாப்பாட்டு மேசையில் ஒரு மின்தராசு, ஒரு சாமணம், ஒரு டப்பா பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் சின்ன ஈயக் குண்டு). 500 பெல்லட்டையும் ஒவ்வொன்றாக வைத்து, எண்ணை எழுதி, குழி குழியான தட்டில் பிரித்து அடுக்குவேன். ஒரு டப்பாவுக்கு இரண்டு ராத்திரி போகும். மூன்று மாதம் கழித்து, பிரித்த பெல்லட்டையும் பிரிக்காத பெல்லட்டையும் ஒரே நாளில் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன். சுட்ட இலக்கு அட்டைகளைக் கலைத்துப்போட்டால் எது எது என்று எனக்கே தெரியவில்லை.

எடை போடுவது வீண் என்று சொல்ல வரவில்லை. வரிசையில் அதற்குக் கடைசி இடம். அதை நான் முதலில் வைத்ததுதான் கோளாறு.

பெல்லட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிட்டால் இது புரிந்துவிடும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் கெட்டியான தலை, நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்னால் உள்ளே குடைந்த மெல்லிய விளிம்பு. பாவாடை மாதிரி விரிந்திருப்பதால் அதற்கு ஸ்கர்ட் என்றே பெயர். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது ஸ்கர்ட் விரிந்து பேரலின் (ரைபிள் குழாயின்) சுவரோடு ஒட்டி, காற்று கசியாமல் அடைக்கிறது. தலை, பேரலுக்குள் சுருளாக ஓடும் வரிகளின் மேல் சவாரி செய்து பெல்லட்டை நேராகப் பிடித்துக்கொள்கிறது. ஆக, உங்கள் பேரலுக்குத் தலை பொருந்துகிறதா, ஸ்கர்ட் வட்டமாக இருக்கிறதா என்பதுதான் முதல் இரண்டு கேள்விகள்.

தலையின் அளவிலிருந்து தொடங்குவோம். டப்பாவில் 4.5 மி.மீ. என்று போட்டிருந்தாலும், போட்டிக்கான பெல்லட்டுகளில் தலையின் விட்டத்தை 4.49, 4.50, 4.51 என்று தனியாக ஒட்டியிருப்பார்கள். நூறில் ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரே வகையில் மூன்று அளவையும் வாங்கி இப்படிச் சோதித்தேன்: மணல் பையின் மேல் ரைபிளை வைத்து, 10 மீட்டரில் ஒவ்வொரு அளவுக்கும் முதல் 10 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுத் தள்ளினேன். பெல்லட் மாறினால் பேரல் பழகிக்கொள்ளச் சில குண்டுகள் பிடிக்கும். அப்புறம் பத்துப் பத்தாக மூன்று குரூப், அதாவது ஒரே புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட ஓட்டைக் கூட்டம். முதல் சுற்றில் சிறியதிலிருந்து பெரியதற்குப் போனால், அடுத்த சுற்றில் பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் களைப்பெல்லாம் கடைசிப் பெல்லட்டின் தலையில் விழும்.

ஐந்து குண்டு குரூப்பை நம்பாதீர்கள். ஐந்து குண்டில் எந்தக் குப்பையும் ஒருமுறை அழகாக விழும். அளப்பதும் சுலபம்தான்: ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை வெர்னியரில் அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்கான தூரம் கிடைக்கும். இதற்குத் தட்டைத் தலை பெல்லட்டும் கெட்டியான அட்டையும் வேண்டும். உருண்டைத் தலை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும், விளிம்பே தெரியாது.

என் ரைபிளில் விளிம்புக்கு விளிம்பு அளவு 4.49-க்கு 7, 7.5, 8 மி.மீ. வந்தது. 4.50-க்கு 6, 6.5, 6. 4.51-க்கு 7, 10, 8. இதே பெல்லட் உங்கள் ரைபிளில் தலைகீழாக வரலாம். என் எண்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், சோதிக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போகப் போகக் கட்டைவிரலே ஓரளவு சொல்லிவிடும்: பெல்லட்டை உள்ளே தள்ளும்போது தானாக விழுந்தால் தலை சிறிது, முரண்டு பிடித்தால் பெரிது.

அளவு முடிவானதும் டப்பாவின் அடியில் இருக்கும் பேட்ச் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரானவற்றுக்கான எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். இதை நான் பட்டுத்தான் கற்றேன். அதே பெயர், அதே அளவு, புது டப்பா. குரூப் திடீரென்று விரிந்தது. ரைபிளைக் கழற்றி, திருகுகளை முறுக்கி, பேரலைத் துடைத்து ஒரு வாரம் போனது. கடைசியில் பழைய டப்பாவில் மிச்சமிருந்த முப்பது பெல்லட்டைப் போட்டுச் சுட்டேன். எல்லாம் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தன. அன்றிலிருந்து ஒரு பேட்ச் பிடித்துப்போனால் அதிலேயே வருடத்துக்கு வேண்டியதை வாங்கி வைத்துவிடுகிறேன்.

சரி, இனி கண்ணால் பொறுக்குவது. டப்பாவைக் கொட்டாதீர்கள், ஈயம் மெத்தென்ற உலோகம். ஒன்றோடொன்று மோதியே நசுங்கிவிடும். பஞ்சு அட்டையின் மேல் மெதுவாகச் சரித்து, நல்ல வெளிச்சத்தில் ஸ்கர்ட் பக்கத்தைப் பாருங்கள். நசுங்கியது, பிசிறு ஒட்டியது, தலையில் கீறல் உள்ளது எல்லாம் ஒரு பக்கம். நசுங்கிய ஸ்கர்ட்டை பேனா முனையால் நிமிர்த்துகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை, பயிற்சி டப்பாவில் போட்டுவிடுவேன்.

அதன் பிறகு ஒரு கண்ணாடி வேலை. பழைய போட்டோ சட்டத்துக் கண்ணாடியை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி வையுங்கள், ஒரு தீப்பெட்டி உயரம் போதும். மேல் விளிம்பில் ஒரே புள்ளியிலிருந்து பெல்லட்டை உருட்டிவிடுங்கள். தலையும் ஸ்கர்ட்டும் ஒரே விட்டத்தில் இல்லாததால் நேராகப் போகாது, வில்லாக வளைந்து போகும். நல்ல டப்பாவில் பத்துக்கு ஒன்பது ஒரே வளைவில் போய்க் கீழே ஒரே இடத்தில் சேரும். மிச்சம் ஒன்று வேறு பக்கம் ஓடும், அல்லது நொண்டிக்கொண்டே போகும். நொண்டுவதை எடுத்து லென்ஸில் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிய நசுங்கல் தெரியும். 500 பெல்லட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த மூன்று மாதத் தராசு வேலையை விட இந்த அரை மணி எனக்கு அதிகம் உதவியது.

இப்போது தராசுக்கு வரலாம். முதலில் ஒரு கணக்கு. 7.5 ஜூல் சக்தியுள்ள ரைபிளில் 0.53 கிராம் பெல்லட் விநாடிக்குச் சுமார் 168 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 10 மீட்டர் போவதற்குள் சுமார் 18 மி.மீ. கீழே இறங்கும். எடை ஒரு சதவீதம், அதாவது 5 மில்லிகிராம் கூடினால் வேகம் அரை சதவீதம் குறையும், இறக்கம் ஒரு சதவீதம் கூடும்: 0.18 மி.மீ. சர்வதேச 10 மீட்டர் ரைபிள் அட்டையில் 10.4 புள்ளிக்கும் 10.5 புள்ளிக்கும் உள்ள இடைவெளியே 0.25 மி.மீ. என் கை நடுக்கம் அதைப் போலப் பல மடங்கு.

இன்னொன்று. மலிவான தராசுகள் 0.01 கிராம் வரைதான் காட்டும், அதாவது 10 மில்லிகிராம். நாம் தேடும் 5 மில்லிகிராம் வித்தியாசம் அதன் கண்ணிலேயே படாது. நான் முதல் வருடம் வைத்திருந்தது அந்த ரகம்தான், என்னத்தைச் சொல்ல! எடை போடுவதென்றால் 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், தராசு பத்து நிமிடம் ஓடட்டும், இருபது பெல்லட்டுக்கு ஒருமுறை சோதனை எடையை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் ஒரு கிண்ணம் வைக்க வேண்டியதில்லை. கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் கனத்ததையும் லேசானதையும் மட்டும் நீக்கினால் போதும். 50 மீட்டரில் சுடுகிறவர்களுக்குக் கதை வேறு. இதே ரைபிளில் அங்கே இறக்கமே அரை மீட்டர் அளவுக்கு இருக்கும், ஒரு சதவீதம் என்பது ஐந்து மி.மீ. ஆகிவிடும். அவர்கள் தாராளமாக எடை போடலாம்.

சாப்பாட்டு மேசை என்றேன் அல்லவா, அதைச் செய்யாதீர்கள். ஈயத் தூள் விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும். தனி மேசை, விரிப்புக்குப் பழைய செய்தித்தாள், வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைப்பது, சோப்புப் போட்டுக் கை கழுவுவது. துடைப்பத்தால் பெருக்கினால் தூள் பறக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் டப்பாவுக்குப் பூட்டு. வெள்ளையாகப் பொடி பூத்த பழைய பெல்லட்டைத் துடைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், அந்தப் பொடியும் ஈயம்தான். ஓக் மரப் பெட்டியில் சேமிக்கவும் வேண்டாம், அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்துவிடும். வந்த தகர டப்பாவே நல்லது.

சுட்டு நசுங்கிய பெல்லட்டை மறுபடி ரைபிளில் போட முடியாது. இலக்கு அட்டைக்குப் பின்னால் குண்டைப் பிடிக்கும் குண்டுப் பொறியில் விழுவதை நான் ஒரு பிளாஸ்டிக் ஜாடியில் சேர்க்கிறேன், குப்பையில் போடாமல் பழைய ஈயம் எடுப்பவரிடம் கொடுப்பதற்காக. முதல் ஜாடி முக்கால்வாசி நிறைந்தபோது மூடியைப் பிடித்துத் தூக்கினேன். மூடி மட்டும் கையோடு வந்தது. அறை முழுக்க உருண்டதைப் பொறுக்க ஒரு மதியம் ஆனது.