அலுவலகக் கடிதம் முதல் செய்முறைக் குறிப்பு வரை: தமிழ் உரைநடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவுள்ளதால் குடிநீர் விநியோகம் நிறுத்தம் செய்யப்படும் எனவும், பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

இந்த மாதிரி அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்போம். எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணி வரை? மூன்றுக்கும் இதில் பதில் இல்லை. இலக்கணமும் இடிக்கிறது. ‘எனவும்’ என்பதற்கு ‘அறிவிக்கிறோம்’ போல ஒரு வினை வேண்டும். அது இல்லாமல் சொல் அந்தரத்தில் நிற்கிறது. இதையே இப்படி எழுதலாம்:

“குழாய் பழுது பார்ப்பதால், 5 ஜூன் 2025 வியாழன் காலை 9 முதல் மாலை 5 மணி வரை காந்தி தெருவிலும் நேரு தெருவிலும் குடிநீர் வராது. முந்தின நாள் இரவே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.”

சொற்கள் கூடிவிட்டன. ஆனால் இதைப் படித்தவர் யாரும் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை. ‘சுருக்கமாக எழுது’ என்ற அறிவுரையைச் சொற்களை எண்ணுவதாக எடுத்துக்கொள்பவர்கள் தேதியை வெட்டிவிட்டு ‘ஒத்துழைப்பு நல்குமாறு’ என்பதை விட்டுவைக்கிறார்கள். வெட்ட வேண்டியது பின்னதை.

‘படு’ எங்கே கெடுக்கிறது

தமிழ் வினைமுற்றுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ‘சரிபார்த்தேன்’, ‘சரிபார்த்தோம்’, ‘சரிபார்த்தார்’ என்று ஒரே சொல்லில் செயலும் செய்தவரும் வந்துவிடுவார்கள். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதும்போது அந்த வசதியை நாமே தூக்கி எறிகிறோம். ‘கணக்குகள் மீதான ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ என்பதில் யார் பார்த்தார்கள் என்று தெரியாது. பிறகு தவறு வந்தால் யாரைக் கேட்பது என்றும் தெரியாது. ‘கணக்குகளை ஆய்வு செய்தோம்’ போதும். செய்தவர் யாரென்று தெரியாத இடத்திலும், அது தேவைப்படாத இடத்திலும் செயப்பாட்டுவினை சரிதான்: ‘கிடங்கின் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது.’

இதே கோளாறின் இன்னொரு முகம் ‘-வும்’. ஐந்து பேருக்குப் போகும் மின்னஞ்சலில் ‘பில்களைச் சரிபார்த்து அனுப்பவும்’ என்று எழுதினால், ஐந்து பேரும் மற்ற நால்வரில் ஒருவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். ‘மே மாத பில்களை கணக்குப் பிரிவு சரிபார்த்து, திங்கள் மதியம் 12 மணிக்குள் கொள்முதல் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்’ என்று ஆளையும் நேரத்தையும் கட்டிப் போடுங்கள்.

செய்யும் வரிசையே எழுதும் வரிசை

தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதற்கு முன் ‘திறந்து, ஊற்றி, இறுக்கி, துடைத்து’ என்று வினையெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோக்கலாம். கதைக்கு அழகு, செய்முறைக் குறிப்புக்கு ஆபத்து. இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் குறிப்பு ஒன்றைப் பாருங்கள்:

“மூடிகளைத் திறந்து, டிஸ்டில்டு வாட்டரை மேல் குறி வரை ஊற்றி, மூடிகளை இறுக்கித் துடைத்து ஆன் செய்யவும். முன்னதாக இன்வெர்ட்டரை அணைத்து, கையுறை அணிந்திருக்க வேண்டும்.”

படித்துக்கொண்டே வேலை செய்பவர் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் மூடியைத் திறந்திருப்பார். ‘முன்னதாக’, ‘அதற்கு முன்’ என்ற சொற்கள் செய்முறையில் வந்தாலே வரிசை பிசகியிருக்கிறது என்று பொருள். திருத்தம்:

1. இன்வெர்ட்டரை அணையுங்கள். அதன் பிளக்கையும் கழற்றுங்கள்.
2. ரப்பர் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். பேட்டரிக்குள் இருப்பது ஆசிட்.
3. மூடிகளைத் திறந்து, மேல் குறி வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது; அதிலுள்ள உப்புகள் பேட்டரியைக் கெடுக்கும்.
4. மூடிகளை இறுக்குங்கள். சிந்தியதைத் துடைத்த பிறகு பிளக்கை மாட்டி, ஆன் செய்யுங்கள்.

ஒரு படியில் இரண்டு வினையெச்சங்களுக்கு மேல் வந்தால் உடைத்துவிடுங்கள். காரணத்தை அரை வரியில் சொல்லுங்கள்; காரணம் தெரியாத எச்சரிக்கையைத் தாண்டிப் போவது எளிது.

எழுதியவருக்கு மட்டும் புரிவது

‘எல்லா விண்ணப்பங்களும் ஏற்கப்படவில்லை.’ ஒன்றையும் ஏற்கவில்லையா, சிலவற்றை மட்டும் ஏற்கவில்லையா? இரண்டு பொருளும் வரும். எழுதியவர் மனதில் ஒன்றுதான் இருக்கும் என்பதால் அவர் கண்ணுக்கு இது படவே படாது. ‘ஒரு விண்ணப்பத்தையும் ஏற்கவில்லை’ என்றோ ‘சில விண்ணப்பங்களை ஏற்கவில்லை’ என்றோ எழுதுங்கள். எண்ணிக்கை தெரிந்தால் இன்னும் நல்லது: ‘40 விண்ணப்பங்களில் 12ஐ ஏற்கவில்லை.’

‘பழைய மாணவர் விடுதி’யும் அப்படித்தான். பழையது விடுதியா, மாணவரா? ‘மாணவர் விடுதியின் பழைய கட்டடம்’ என்று அடைமொழியை அதற்குரிய சொல்லின் பக்கத்திலேயே வையுங்கள்.

நாள் கணக்கில் நடக்கும் தகராறு தனி. ‘10ஆம் தேதிக்குள்’ என்றால் 10ஆம் தேதி சேருமா? ‘15 நாட்களுக்குள்’ என்றால் கடிதத் தேதியிலிருந்தா, கைக்கு வந்த நாளிலிருந்தா? ‘ஜூன் 10 மாலை 5 மணிக்குள்’ என்று எழுதினால் வாதமே இல்லை. 05/06 என்பதை ஜூன் 5 என்றும் மே 6 என்றும் படிப்பவர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் இருந்தால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

மிகவும் கவலை தருவது ‘மில்லி’. பேச்சில் 5 மில்லி என்றால் மில்லிலிட்டர்தான். எழுத்தில், அதுவும் மருந்து விஷயத்தில், மில்லிகிராமா மில்லிலிட்டரா என்று முழுதாக எழுதியே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் கடையில் கிடைக்கிறது. ‘ஒரு ஸ்பூன்’ என்று மட்டும் எழுதினால் குழந்தைக்குப் போகும் மருந்து இரண்டு மடங்காகிவிடலாம்.

ஒற்றுப்பிழைக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. பல இடங்களில் அது கண்ணை உறுத்துமே தவிரப் பொருளை மாற்றாது. மாற்றும் இடங்களும் உண்டு: ‘தந்த பலகை’ யாரோ கொடுத்தது, ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது.

பள்ளிக் கட்டுரையில் ஒரே சொல்லைத் திரும்ப எழுதாதே என்று கற்றோம். தொழில்நுட்பக் குறிப்பில் அதை மறந்துவிட வேண்டும். முதல் பத்தியில் ‘கோப்பு’, அடுத்ததில் ‘ஆவணம்’, பிறகு ‘ஃபைல்’ என்றால் மூன்று தனித்தனிப் பொருள்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். எந்தச் சொல் என்ற குழப்பம் வந்தால் திரையைப் பாருங்கள். அங்கே ‘அமைப்புகள்’ என்று இருந்தால் அதையே எழுதுங்கள். செயலி ஆங்கிலத்தில் இருந்தால் ‘செட்டிங்ஸ்’ என்றே எழுதுங்கள்.

கடிதத்தின் ‘பொருள்’ வரியை வீணாக்காதீர்கள். ‘குடிநீர் இணைப்பு – தொடர்பாக’ என்பதை வைத்துக் கடிதத்தை எந்த மேசைக்கு அனுப்புவது என்றுகூட முடிவு செய்ய முடியாது. ‘குடிநீர் மீட்டர் 3 மாதமாக ஓடவில்லை – மாற்றித் தரக் கோருதல்’ என்று எழுதினால், உறையைப் பிரித்தவரே அதை மீட்டர் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்.