இல்லாத முதல் இதழைத் தேடாதீர்கள்: பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸில் எண் செய்யும் குழப்பங்கள்

பழைய அமெரிக்க காமிக்ஸ் சேர்க்கத் தொடங்கும் நண்பர்கள் சிலர் தங்கள் தேடல் பட்டியலை என்னிடம் காட்டிச் சரிபார்க்கச் சொல்வார்கள். பெரும்பாலான பட்டியல்களில் அச்சே ஆகாத இதழ் ஒன்றாவது இருக்கும். தாளை ஈரம் படாமல் வைப்பது, ஸ்டேப்பிள் துருவைப் பார்ப்பது இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தலைப்பும் எண்ணும் மட்டும் சொல்லி வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பணம் கரைவதும் இதில்தான்.

ஹியூமன் டார்ச் என்ற நெருப்பு ஹீரோவின் தனி இதழ் 1940 இலையுதிர் காலத்தில் வந்தது. வந்த முதல் இதழுக்கே எண் 2. அதே ஆண்டு ஆகஸ்ட் தேதியிட்டு டைம்லி நிறுவனம் (இன்றைய மார்வெலின் முன்னோடி) 'ரெட் ரேவன்' என்று ஒன்று வெளியிட்டது. அது ஒரே இதழோடு நின்றுபோக, அதன் வரிசையில் டார்ச்சை உட்கார வைத்துவிட்டார்கள். அப்படியே 3, 4 என்று போய் 1941 கோடை இதழுக்கு 5 வந்தது. அடுத்து வந்த இலையுதிர் இதழ்தான் உண்மையில் டார்ச்சின் ஐந்தாவது. அதற்கும் 5 என்றே போட்டார்கள்! ஒரே தலைப்பு, ஒரே ஆண்டு, ஒரே எண், ஆனால் வேறு வேறு இதழ்கள். டார்ச்சும் கடல் ஹீரோ சப்-மரைனரும் அறுபது பக்கத்துக்கு மோதிக்கொள்ளும் பிரபலமான கதை இரண்டாவது 5-ல் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் அந்தச் சண்டைக்காகவே பணம் சேர்த்தார். பின்னட்டை இல்லாத, முதுகில் டேப் ஒட்டிய பிரதிதான். அதற்கே பைக் வாங்க வைத்திருந்த தொகை மொத்தமும் போனது. வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் 'ஹியூமன் டார்ச் 5, 1941' என்று எழுதிக் கேட்டிருக்கிறார். வந்தது கோடை இதழ். திருப்பி எடுக்க மாட்டோம், கேட்டதைத்தானே அனுப்பினோம் என்று பதில் வேறு. "நம்பர் சரியாத்தானே அண்ணா இருக்கு?" என்றார். நம்பர் சரிதான் தம்பி, அதுதான் வம்பே.

இந்தக் குளறுபடிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது தபால் செலவு. அன்றைய அமெரிக்காவில் பத்திரிகைகளைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப இரண்டாம் வகுப்பு அஞ்சல் அனுமதி வேண்டியிருந்தது. புதுப் பத்திரிகை என்றால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம். இருக்கிற பத்திரிகைக்குப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறோம் என்று, ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது போலக் காட்டிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். எனவே ஹீரோவுக்கு வேலை போனாலும் எண் ஓடிக்கொண்டே இருந்தது. 1949-ல் டார்ச் 35-ஓடு நின்றதும் 36-வதாக வந்தது 'லவ் டேல்ஸ்' என்ற காதல் இதழ். 1954-ல் டார்ச் திரும்பி வந்தபோது அவருக்கும் 36! ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சூப்பர் ஹீரோ குழுவின் 'ஆல்-ஸ்டார் காமிக்ஸ்' 57-ஐ அடுத்து, 1951-ல் 'ஆல்-ஸ்டார் வெஸ்டர்ன்' 58 என்று குதிரைவீரர்கள் வந்தார்கள். 1976-ல் பழைய பெயருக்கு உயிர் கொடுத்தபோது அதையும் 58-லிருந்தே தொடங்கினார்கள்.

உச்சக்கட்டம் ஈசி (EC) காமிக்ஸ் நிறுவனம். அவர்களுடைய 'மூன் கேர்ள்' சூப்பர் ஹீரோயின் இதழ் பெயர் மாறி மாறிக் காதல் இதழாகி, கடைசியில் 1950-ல் 13-ம் எண்ணில் 'வியர்ட் ஃபேன்டஸி' என்ற அறிவியல் புனைகதை இதழானது. 17 வரை போனார்கள். அடுத்த இதழ் எண் 6. ஐந்து இதழ் வந்தாகிவிட்டது, அதனால் ஆறு! பிறகு அந்த வரிசை வளர்ந்து மறுபடியும் 13-ஐத் தொட்டது. ஆகவே 13 முதல் 17 வரை ஒவ்வொன்றும் இரண்டிரண்டு.

சரி, என்ன செய்வது? எண்ணோடு மாதத்தையோ பருவத்தையோ சேர்த்துக் கேளுங்கள். அட்டைப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அட்டையின் உட்புறத்தில் அல்லது முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். அதையும் படமெடுத்துக் கேளுங்கள். சலித்துக்கொள்ளும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

1968 கேப்டன் அமெரிக்கா, 1 முதல் 99 வரை

கிடையாது. 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' இதழ்தான் 99-க்குப் பிறகு பெயர் மாறி நேராக 'கேப்டன் அமெரிக்கா' 100 ஆனது.

டம்மியைத் தொலைந்த இதழ் என்று நம்புவது

கேப்டன் மார்வெல் அறிமுகமான 'விஸ் காமிக்ஸ்' 1940 பிப்ரவரியில் 2-ம் எண்ணோடு கடைக்கு வந்தது. 1-ம் எண் விஸ் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு அளவே இல்லை. ஃபாசெட் நிறுவனம் அதற்கு முன் 'ஃப்ளாஷ் காமிக்ஸ்', 'த்ரில் காமிக்ஸ்' என்ற பெயர்களில் கறுப்பு வெள்ளையில் சில பிரதிகள் மட்டும் அடித்தது. பெயர் உரிமையைப் பிடிப்பதற்கான டம்மிகள் அவை, ஆஷ்கேன் என்பார்கள். ஹீரோவுக்கு அதில் பெயர் கேப்டன் தண்டர். ஃப்ளாஷ் என்ற பெயரில் வேறொரு நிறுவனம் முந்திக்கொண்டது. விற்பனைக்கு வந்த விஸ் 1 என்று எதுவும் கிடையாது.

இதோடு 1939-ன் 'மோஷன் பிக்சர் ஃபன்னீஸ் வீக்லி'யையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். தவறு. அது தியேட்டர்களில் இலவசமாகக் கொடுக்கத் திட்டமிட்ட இதழ், திட்டம் படுத்துவிட்டது. சப்-மரைனரின் எட்டுப் பக்கக் கதை அதற்காக வரைந்ததுதான். பிறகு நான்கு பக்கம் சேர்த்து 'மார்வெல் காமிக்ஸ்' முதல் இதழில் போட்டார்கள். மறுபதிப்பு கையில் இருந்தால் அந்தக் கதையின் எட்டாம் பக்கத்தைத் திருப்பிக் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். எழுத்தே இல்லாமல் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். 'தொடர்ச்சி அடுத்த வாரம்' என்று இருந்த இடம் அது. வார இதழ் போனதும் எழுத்தை எடுத்துவிட்டு, பெட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். வராமல் போன அடுத்த இதழ்கள் மூன்றுக்கு அட்டைப் படம் மட்டும் தயாராகியிருந்தது. அவற்றை முழு இதழாக யாராவது விற்க வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

அட்டை மாதத்தை வெளியான மாதமாக எழுதுவது

ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழில் இருப்பது ஜூன் 1938. கடைக்கு வந்தது ஏப்ரலில்.

உரித்த மறுபதிப்பு

1974-ல் டிசி நிறுவனம் ஆக்ஷன் 1, விஸ் 2 இரண்டையும் அசலைவிடப் பெரிய தாளில் மறுபதிப்பு செய்தது. மேலே ஒரு கெட்டி அட்டை, உள்ளே அசலைப் போலவே இன்னொரு அட்டை. மேலட்டையை உரித்துவிட்டு அசல் என்று விற்கிறவர்கள் உண்டு. படத்தில் பார்த்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். அசலின் உயரம் பத்தரை அங்குலத்தைத் தாண்டாது, இது பதின்மூன்றரை.