அம்மாவுக்கு 146: நாடி எண்ணும் நிரலைத் திருத்துவது எப்படி?

விரலில் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அலையாகப் பதியும் மேக்ஸ்30102 சென்சாரை, ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் மாட்டிய முதல் நாள், அம்மாவின் விரலை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். திரையில் 146. "எனக்கு என்னடா ஆச்சு?" என்று பதறிவிட்டார். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினால் 73! என் நிரல் ஒவ்வொரு துடிப்பையும் இரண்டிரண்டாக எண்ணியிருக்கிறது.

அதைத் திருத்திய வழி இது. நொடிக்கு 200 முறை அளவெடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. விரல். அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபட்டு அலை தட்டையாகிவிடும். தொட்டும் தொடாமலும் வைத்தால் ஆடும். நான் வெல்க்ரோ பட்டையால் லேசாகக் கட்டிவிடுகிறேன். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள்.

2. ஃபில்டர். 0.5 முதல் 4 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அலை) வரை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் பேண்ட்பாஸ் ஃபில்டர் போதும். அதாவது நிமிடத்துக்கு 30 முதல் 240 துடிப்பு. மூச்சின் ஏற்ற இறக்கம் கழிந்துவிடும். நடையின் ஆட்டம் கழியாது. நொடிக்கு இரண்டு அடி வைத்தால் அது 120 துடிப்பு போலவே தெரியும். ஆகவே உட்கார வைத்தே அளவெடுங்கள்.

3. முகடு. அலையின் உச்சிதான் முகடு; ஒரு முகடு ஒரு துடிப்பு. என் தப்பு இங்கேதான். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெருந்தமனி வால்வு மூடியதும் அலையின் இறக்கத்தில் ஒரு குட்டி மேடு எழும். அதையும் துடிப்பாக எண்ணியிருந்தேன். ஒரு முகடு கிடைத்தபின் 300 மில்லி நொடிக்கு அடுத்ததைத் தேடாதீர்கள். முந்தைய முகடுகளின் உயரத்தில் பாதியைக்கூட எட்டாததைத் தள்ளிவிடுங்கள்.

4. இடைநிலை. அப்படியும் ஒன்றிரண்டு நழுவி வரும். அடுத்தடுத்த முகடுகளுக்கு இடையிலான நேரம், என் நோட்டில் இருக்கும் ஒரு வரிசை, மில்லி நொடியில்:

820, 810, 305, 510, 830, 825, 815

305-ஐயும் 510-ஐயும் கூட்டுங்கள்: 815. ஒரே துடிப்பு இரண்டாக உடைந்திருக்கிறது. ஏழுக்கும் சராசரி எடுத்தால் 702, அதாவது நிமிடத்துக்கு 85-க்கு மேல். வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, அதாவது இடைநிலையை, எடுத்தால் 815; 60,000-ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 74. அந்தக் கள்ள மேட்டை இடைநிலை கண்டுகொள்ளவே இல்லை.

5. வாயை மூடுதல். ஏழில் மூன்றோ அதற்கு மேலோ இடைநிலையிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகினால், எண்ணுக்குப் பதில் இரண்டு கோடு காட்டுங்கள். பழைய எண்ணையே திரையில் உறைய விடுவது எனக்குப் பிடிக்காது, அது பொய். இதயத்துடிப்பே ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு இந்தக் கோடு அடிக்கடி வரும். அங்கே இசிஜிதான் சரி, இந்தப் பொம்மை அல்ல.

சோதிக்க, மணிக்கட்டில் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அம்மா இப்போது விரலை வைக்கும் முன் தானே எண்ணிவிட்டுத்தான் திரையைப் பார்க்கிறார்.