பார்க்கின்சனும் விடாத குமட்டலும்: எங்கிருந்து தொடங்குவது?

பார்க்கின்சன் என்றாலே கை நடுக்கமும் மெதுவான நடையும்தான் வெளியில் இருப்பவர்கள் கண்ணில் படும். கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களைக் கேளுங்கள். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் முகம் வெளிறி, வாயில் எச்சில் ஊறி, "எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று தட்டைத் தள்ளிவைப்பதைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். வாந்தி வந்தாலாவது ஓய்ந்துவிடும். வராமல் நாளெல்லாம் புரட்டிக்கொண்டே இருப்பது ஆளை உருக்கிவிடும். எடை குறையும், மாத்திரையைப் பார்த்தாலே பயம் வரும், ஒரு வேளையை விட்டால் என்ன என்று தோன்றும்.

நான் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பாதையில் புதிதாக வருபவர்களுக்கு முதலில் நான் சொல்வது இதுதான்: குமட்டலை நிறுத்த மருந்து தேடும் முன், அது எப்போது வருகிறது என்று பாருங்கள். காரணம் ஒன்றல்ல. அதைவிட முக்கியம், வாந்தியை நிறுத்த வழக்கமாகக் கொடுக்கும் சில மாத்திரைகள் பார்க்கின்சனையே மோசமாக்கும். அவற்றைப் பற்றி ஐந்தாம் படியில் எழுதியிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் அதை மட்டுமாவது இப்போதே படித்துவிடுங்கள்.

முதல் படி: ஏன் வருகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

உடம்பின் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைவதுதான் பார்க்கின்சனின் அடிப்படை. டோபமினை நேராக மாத்திரையாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதனால் லெவோடோபா கொடுக்கிறார்கள். அது மூளைக்குள் போய் டோபமினாக மாறும். சிக்கல் என்னவென்றால், போகிற வழியிலேயே, குடலிலும் ரத்தத்திலும், ஒரு பகுதி டோபமினாக மாறிவிடுகிறது. மூளைத்தண்டின் அடிப்பகுதியில் வாந்தியைத் தூண்டும் சிறு பகுதி ஒன்று இருக்கிறது. மூளையின் மற்ற இடங்களுக்கு இருக்கும் பாதுகாப்புத் தடுப்பு அதற்கு இல்லை. ரத்தத்தில் டோபமின் ஏறியதும் அது விழித்துக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் லெவோடோபாவோடு கார்பிடோபாவையோ பென்செராசைடையோ சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். வழியில் டோபமினாக மாறுவதை இவை தடுக்கும். ஆனால் அதற்குப் போதுமான அளவு வேண்டும். கார்பிடோபா நாளொன்றுக்கு 70 முதல் 100 மில்லிகிராம் வரை போனால்தான் முழுப் பலன். 25/100 என்று அட்டையில் இருந்தால் முதல் எண் கார்பிடோபா, இரண்டாவது லெவோடோபா. ஆரம்பத்தில் அரை மாத்திரை வீதம் 3 வேளை தருவது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கார்பிடோபா 37.5 மில்லிகிராம்தான் ஆகிறது. 10/100 மாத்திரை என்றால் முழுதாக 3 வேளை போட்டாலும் 30 மில்லிகிராம்தான். புதிதாக மருந்து தொடங்கியவர்களுக்குக் குமட்டல் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பலருக்குச் சில வாரங்களில் உடம்பு பழகித் தானாகவே குறைந்துவிடும்.

பார்க்கின்சனுக்கே தரும் வேறு மருந்துகளான பிரமிபெக்சோல், ரோபினிரோல், தோலில் ஒட்டும் ரோடிகோடின், ஊசியாகப் போடும் அபோமார்பின் ஆகியவையும் குமட்டலைத் தரும். அபோமார்பின் இதில் கடுமையானது. மறதிக்குத் தரும் ரிவாஸ்டிக்மின், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள், இரும்புச்சத்து மாத்திரை எல்லாமும் வயிற்றைப் புரட்டக்கூடியவைதான்.

மருந்தே போடாதவர்களுக்கும் குமட்டல் வரலாம். பார்க்கின்சன் குடல் நரம்புகளையும் தொடுகிறது. இரைப்பை மெதுவாகக் காலியாகும், குடல் மெதுவாக நகரும். ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்தபோதே மலச்சிக்கலைக் குறிப்பிட்டிருக்கிறார்.

இரண்டாம் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் போதும். மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம், குமட்டல் தொடங்கிய நேரம், அது 5-க்கு எவ்வளவு, அப்போது உடம்பு எப்படி நகர்ந்தது, மலம் போனதா. இவ்வளவுதான். ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

காலை 7.00 – மாத்திரை, வெறும் வயிறு
7.25 – குமட்டல் 3, எச்சில் ஊறுகிறது
8.00 – காலை உணவு, பாதிதான்
8.30 – குமட்டல் இல்லை, கை நன்றாக வருகிறது
பகல் 12.30 – கால் இழுக்கிறது, குமட்டல் 2, படபடப்பு
1.00 – மாத்திரை
1.45 – எல்லாம் சரி
மலம் – 3 நாளாக இல்லை

இந்த ஒரே பக்கத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. காலையில் வந்தது மாத்திரை ஏறும்போது வரும் குமட்டல். பகலில் வந்தது அப்படியல்ல. முந்தைய மாத்திரையின் வீரியம் தீர்ந்து, உடம்பு இறுகும்போது வந்தது. மாத்திரை போட்டதும் போய்விட்டது. இது பலருக்குத் தெரிவதே இல்லை. மாத்திரைதான் குமட்டலுக்குக் காரணம் என்று நினைத்து அடுத்த வேளையைத் தள்ளிப்போடுவார்கள், குமட்டல் இன்னும் கூடும். மூன்றாவது, அடைத்துக்கொண்ட குடல். வயிறு கீழே நகராமல் இருக்கும்போது மேலே புரட்டாமல் என்ன செய்யும்?

எழுந்து நிற்கும்போது மட்டும் குமட்டலும் கிறுகிறுப்பும் வந்தால் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். படுத்தபடி ஒருமுறை, எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் ஒருமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதையும் நோட்டில் எழுதுங்கள். மருத்துவர் கட்டாயம் பார்க்கவேண்டிய விஷயம் அது.

மூன்றாம் படி: மாத்திரையையும் சாப்பாட்டையும் சரிசெய்யுங்கள்

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகவோ ஒரு மணி நேரம் கழித்தோ போடச் சொல்வார்கள். புரதம் செரிந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலில் ஒரே வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். இரண்டும் சேர்ந்தால் மருந்து தேங்கிவிடும். ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் சிலருக்குக் குமட்டல் தாங்காது. இதற்கு நடுவழி உண்டு: புரதம் அதிகம் இல்லாத ஏதாவது இரண்டு வாய். சாதாரண பிஸ்கட், காய்ந்த ரொட்டித் துண்டு, கொஞ்சம் பழம். பால், முட்டை, பருப்பு, இறைச்சி வேண்டாம்.

மாத்திரையோடு ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடிக்கவேண்டும். ஒரு மடக்கு தண்ணீரில் விழுங்கினால் மாத்திரை இரைப்பையிலேயே கிடக்கும். லெவோடோபா உறிஞ்சப்படுவது சிறுகுடலில்தான். அங்கே போய்ச் சேராத மாத்திரையால் குமட்டல் மட்டும்தான் மிச்சம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் குறைந்தது 2 மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். அது லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்தாறு சின்னச் சாப்பாடாகப் பிரியுங்கள். எண்ணெய் மிகுந்தது, பொரித்தது இரைப்பையில் நெடுநேரம் தங்கும். சாப்பிட்டதும் படுக்கவேண்டாம், சாய்ந்தாவது உட்காரட்டும். முடிந்தால் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடக்கட்டும். தண்ணீரைச் சாப்பாட்டோடு மொத்தமாகக் குடிக்காமல் இடையிடையே கொடுங்கள்.

இதில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, சில நாள் நோட்டில் பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள். இல்லையென்றால் எது பலன் கொடுத்தது என்றே தெரியாது.

நான்காம் படி: மலச்சிக்கலைத் தனியாகக் கவனியுங்கள்

தண்ணீர், நார்ச்சத்து, நடை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். தண்ணீர் போதாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் அடைப்பு அதிகமாகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். போதவில்லையென்றால் மேக்ரோகால் போன்ற மலமிளக்கிகள் பார்க்கின்சனில் நன்றாக உதவுகின்றன. மருத்துவரிடம் கேட்டு ஒழுங்காகக் கொடுங்கள். அம்மாவுக்குக் குடல் ஒழுங்கானதும் மருந்தே நன்றாக வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: கொடுக்கக் கூடாத மருந்துகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், புரோமெத்தசின். வாந்திக்கு எழுதும் மருந்துகளில் இவை முன்வரிசையில் வருபவை. மூன்றும் மூளைக்குள் போய், ஏற்கெனவே குறைவாக இருக்கும் டோபமினின் வேலையைத் தடுக்கின்றன. நடுக்கமும் இறுக்கமும் கூடும். தலைசுற்றலுக்குத் தரும் சினாரிசின், ஃபுளுனாரிசின் இரண்டும் அப்படித்தான். நான் மிகவும் கவலைப்படுவது லெவோசல்பிரைடைப் பற்றி. அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தோடு சேர்ந்தே ஒரே காப்ஸ்யூலாக வரும். "கேஸ் மாத்திரைதானே" என்று மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளின் பின்பக்கத்தையும் திருப்பி, சிறிய எழுத்தில் இருக்கும் பெயரைப் படியுங்கள். இருந்தால், உடனே மருத்துவரிடம் காட்டி மாற்று கேளுங்கள்.

பிறகு என்னதான் கொடுப்பது? டோம்பெரிடோன் மூளைக்குள் பெரிதாக நுழையாது, அதனால் பல நாடுகளில் பார்க்கின்சனுக்கு இதையே விரும்புகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு அனுமதி இல்லை. இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது என்பதால் 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை, பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு 3 முறைக்கு மேல் வேண்டாம், முடிந்தவரை குறைந்த நாட்களுக்கே கொடுக்கவேண்டும் என்று கட்டுப்படுத்தியது. இதயச் செயலிழப்பு போன்ற இதய நோய் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளோடு சேர்க்கவும் கூடாது. ஒன்டான்செட்ரான் டோபமினைத் தொடாது, ஆனால் மலச்சிக்கலைக் கூட்டும், அதுவும் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். அபோமார்பின் போடுபவர்கள் ஒன்டான்செட்ரானை எடுக்கவே கூடாது, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். எந்த மருந்தையும் மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள்.

ஆறாம் படி: நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்

"எப்போதும் குமட்டுகிறது" என்று சொன்னால் அவர் ஊகிக்கத்தான் முடியும். "மாத்திரை போட்டு அரை மணியில் வருகிறது, ஒரு மணி நேரம் இருக்கிறது" என்று சொன்னால் வழி பிறக்கும். கேட்கவேண்டிய கேள்விகள்: ஒரு நாளில் போகும் கார்பிடோபா போதுமா, தனியாகக் கொஞ்சம் சேர்க்கலாமா? அளவை இன்னும் மெதுவாகக் கூட்டலாமா? வீரியம் தீரும்போது வருகிற குமட்டல் என்றால் வேளைகளின் இடைவெளியைக் குறைக்கலாமா? மற்ற மாத்திரைகளில் எதையாவது நிறுத்தலாமா?

இவற்றை அவர் முடிவு செய்யட்டும். குமட்டல் தாங்காமல் பார்க்கின்சன் மாத்திரையை நீங்களாகவே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடும் காய்ச்சல், உடம்பு விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே கேடாக முடியலாம்.

ஏழாம் படி: குமட்டல் வந்திருக்கும்போது

நிமிர்ந்து உட்காரவையுங்கள். ஜன்னலைத் திறங்கள், சமையல் வாசனை வராத அறையாக இருக்கட்டும். சூடான சாப்பாட்டின் மணம் புரட்டினால் ஆறவைத்துக் கொடுங்கள். தண்ணீரை மடக்கு மடக்காக, ஐஸ் துண்டாக. இஞ்சி சிலருக்கு உதவுகிறது, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். மூக்கால் மூச்சை மெதுவாக இழுத்து, வாயால் இன்னும் மெதுவாக விடச் சொல்லிக் கூடவே நீங்களும் விடுங்கள். "கொஞ்சமாவது சாப்பிடு" என்று அந்த நேரத்தில் வற்புறுத்தாதீர்கள்.

படுத்திருக்கும்போது வாந்தி வந்தால் மல்லாக்க விடாமல் பக்கவாட்டில் திருப்புங்கள். மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் வாந்தி வந்தது, மாத்திரை அதில் தெரிந்ததா என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். கேட்காமல் இன்னொரு மாத்திரை கொடுக்கவேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் போன்ற கறுப்போ இருந்தால், மலம் தார் போலக் கறுத்தால், நெஞ்சு வலி இருந்தால், வயிறு உப்பி, மலமும் காற்றும் போகாமல் வலித்தால், மயங்கி விழுந்தால், திடீரெனக் குழம்பிப் பேசினால், தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் குறைந்தால், அடுத்தடுத்த வேளை மாத்திரைகள் வாந்தியில் போய்விட்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பார்க்கின்சன் இருப்பவருக்கு வேறு நோயே வராது என்றில்லை. வயிற்றுப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் இதே குமட்டலாக வரலாம்.

போகும்போது பையில் ஒரு அட்டை இருக்கட்டும். மேலே "பார்க்கின்சன் உள்ளவர்" என்று பெரிதாக. கீழே மாத்திரைகளின் பெயர், அளவு, சரியான நேரம். அதற்குக் கீழே சிவப்பு மையில், மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், புரோமெத்தசின், லெவோசல்பிரைடு, ஹாலோபெரிடால் வேண்டாம் என்று. அவசரப் பிரிவில் யாராவது வாந்திக்கு ஊசியோடு வந்தால், "என்ன மருந்து?" என்று பெயரைக் கேட்டு, அட்டையை அவர் கையில் கொடுங்கள். வீட்டு மாத்திரைகளையும் கொண்டுபோங்கள், அங்கே அதே மாத்திரை கிடைக்கும்வரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.